ஒரு பல் மருத்துவரும் ஒரு மணி நேரமும்

ஐஸ்கிரீம் விற்ற வருவாயில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி நடந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் அதை வேடிக்கைப் பேச்சாகவே எண்ணுகின்றனர். ஆனால், நடந்தது அதுதான். கொல்கத்தாவில் 1920-ஆம் ஆண்டு அக்கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது, நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற தமது ஐஸ்கிரீம் கடையின் லாபத்தைக் கொண்டே அதன் செலவை ஈடுகட்டினார். இனிப்பைத் தந்து பல்லைக் கெடுக்கும் தொழிலே பல்லைக் காக்கும் கல்விக்குப் படியளந்த முரணை அவரும் உள்ளூர ரசித்திருக்கக்கூடும்.

அகமது 1890 டிசம்பர் 24 அன்று, இன்றைய வங்கதேசப் பகுதியில் பிறந்தவர். டாக்காவிலும் அலிகாரிலும் பயின்றபின் அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய வாழ்க்கையைச் சொல்வோர் இதற்கடுத்த மூன்று ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அந்த மூன்று ஆண்டுகளே முக்கியமாகப் படுகின்றன. 1918 வரை அவர் பணியாற்றிய இடம், பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனை. 1914-இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனை, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகவே எழுந்தது. பல் வலித்தால் பிடுங்குவதே வழி என்று உலகின் பெரும்பகுதி நம்பியிருந்த காலத்தில், ஒரு குழந்தையின் பல்லைக் காப்பாற்றுவதும் மருத்துவத்தின் கடமையே என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டார்.

முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் அவர் திரும்பி வந்த இந்தியாவில், பல் மருத்துவம் கற்க ஒரு கல்லூரிகூட இல்லை. சந்தையிலும் தெருவோரத்திலும் குறடுடன் அமர்ந்திருந்தவர்களே ஏழைகளின் பல் வைத்தியர்கள். அகமதுவின் கல்லூரி 11 மாணவர்களுடன் தொடங்கியது. அதன் தொடக்க கால மாணவர்களுள் ஒருவர் முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா. படிப்பை முடித்து 1923-இல் பம்பாயில் பல் மருத்துவமனை நடத்தத் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த நாளில் இது சிறிய செய்தியன்று.

1925-இல் ஓர் இதழ், அதே ஆண்டில் வங்காளத்தில் பல் மருத்துவர்களுக்கான சங்கம், 1928-இல் மாணவர்களுக்கான கையேடு என அவருடைய பணி விரிந்தது. இவை அனைத்தையும்விட அவர் சட்டத்துக்காக உழைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1939-இல் வங்காளத்திலும், விடுதலைக்குப் பின் 1948-இல் நாடு முழுமைக்கும் பல் மருத்துவர் சட்டம் வந்தது. முறையாகப் பயின்று பதிவு செய்துகொண்டவரே நம் வாயில் கருவியை வைக்கலாம் என்ற பாதுகாப்பு அதனால்தான் கிடைத்தது. மறு ஆண்டே, தாம் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசின் பொறுப்பில் ஒப்படைத்தார்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வசிக்கும் நான் இவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஸ்ரீரங்கத்து வீதிகளில் மாலை வேளையில் கிரிக்கெட் ஆடாத சிறுவர்கள் குறைவு. சில மாதங்களுக்கு முன், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் முன்பல் பந்து பட்டு வேரோடு வெளியே வந்து விழுந்ததைப் பார்த்தேன். கூடியிருந்தவர்கள் ரத்தத்தை நிறுத்துவதில் முனைந்தனர், அது சரியே. பல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. யாரோ அதை எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காகிதத்தில் மடித்தனர். நெரிசலில் காவிரிப் பாலத்தைக் கடந்து, திறந்திருக்கும் பல் மருத்துவரைத் தேடிக் கண்டடைவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது.

விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் வீடுகளின் பழைய வழக்கம். பால்பல்லுக்கு அது பொருந்தும். அடிபட்டு விழுந்தாலும் பால்பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அதனால் ஊறு நேரலாம். ஆனால், ஆறேழு வயதுக்குமேல் முளைக்கும் முன்பல், ஆயுள் முழுவதற்குமானது. அதன் வேரைப் போர்த்தியுள்ள மெல்லிய திசு உயிரோடிருக்கும் வரைதான் பல் மீண்டும் எலும்போடு ஒட்டும். திசு காய்ந்தால் இறந்துவிடும். தேய்த்தால் உரிந்துவிடும். குழாய் நீரில் ஊறினால் அதன் செல்கள் வெடித்துவிடும்.

ஆகவே, வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலசி, விழுந்த குழியிலேயே திருப்பி வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் செய்து மருத்துவரிடம் விரைய வேண்டும். அதற்குத் துணிவில்லையெனில் ஒரு டம்ளர் பாலில் பல்லை இட்டு எடுத்துச் செல்லலாம். காய்ச்சி ஆறிய பாலாயினும் குற்றமில்லை. எந்தத் தெருவிலும் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பொருள் அது. அரை மணிக்குள் பொருத்தினால் நல்ல வாய்ப்பு. ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் பல் நெடுங்காலம் நிலைப்பது கடினம். டென்மார்க்கின் ஆன்ட்ரியாசனும் அவர் தோழரும் இதை ஆய்ந்து வெளியிட்டது 1966-இல். குழந்தை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ மட்டும் பல்லை மறந்துவிட்டுத் தலைக்காயத்துக்கு மருத்துவமனை செல்ல வேண்டும்.

பல்வலிக்கும் நம் வீட்டு வைத்தியம் ஒன்றுண்டு. சொத்தைப் பல்லில் கற்பூரத்தை வைத்து அழுத்தும் பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர். கோயில் நகரத்தில் கற்பூரத்துக்குப் பஞ்சமில்லை. அதை விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும் என்பதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்தால் புண்ணாகும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டு, கண் மூடுமளவுக்கு வீக்கம் ஏறினால், அல்லது விழுங்கவும் மூச்சுவிடவும் குழந்தை சிரமப்பட்டால், விடியும் வரை காத்திருப்பது ஆபத்து.

விடியும் வரை காத்திருக்காமல் எங்கே செல்வது என்பதே கேள்வி. தமிழகத்தில் அரசு பல் மருத்துவக் கல்வி சென்னையில் 1953-இல் தொடங்கியது. நமக்கு அருகிலுள்ள புதுக்கோட்டைக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது 2023-இல்தான். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளோ பெரும்பாலும் பகல் நேரத்துக்கானவை. குழந்தைகள் விழுவதோ பள்ளி விட்டபின், மாலையில்.

மருத்துவர்கள் அதிகாரத்துக்கு வந்தால் இவை மாறுமா என்று சில வேளைகளில் நினைப்பேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்தைக் கவனித்தார். அகமதுவும் 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சராக இருந்தார். ஆனால், அவர் கைக்கு வந்தவை வேளாண்மை, கூட்டுறவு, அகதிகள் மறுவாழ்வு போன்ற துறைகள். முதல்வர் பி.சி.ராயே மருத்துவர்தான் என்பது வேறு. பிரிவினையில் வீடிழந்து வந்த லட்சக்கணக்கானோர் முன் பல்லைப் பற்றிப் பேச யாருக்கு வாய்வரும்? 1964-இல் பத்மபூஷண் விருது பெற்ற அகமது, 1965-இல் காலமானார்.

அவர் பிறந்த நாளைப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகின்றனர். அது மார்கழியில் வருகிறது. அரையாண்டு விடுமுறையும் வைகுண்ட ஏகாதசித் திரளும் சேரும் பருவம். குழந்தைகளோடு வருவோர் கணக்கிலடங்கார். அப்போது அமைக்கப்படும் முதலுதவி மையங்களிலும், ஆண்டு முழுவதும் பள்ளிகளின் முதலுதவிப் பெட்டியிலும், ஒரு பாட்டில் உப்புக்கரைசலும் அன்றைய மாலை பணியிலிருக்கும் பல் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் இருக்க மாவட்ட நிர்வாகமும் பல் மருத்துவர் சங்கமும் ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு ஐஸ்கிரீம் கடையின் ஒரு நாள் வருவாயைத் தாண்டாது.