சவாய் பால்ரூமின் குட்டி ராஜா: டிரம்மர் சிக் வெப்

கணவனும் மனைவியுமாக ஒரு மாலை வெளியே கிளம்பினால் எங்கே போவீர்கள்? ஹோட்டல், சினிமா, இல்லாவிட்டால் மால். 1930களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த கறுப்பினத் தம்பதிகளைக் கேட்டிருந்தால், பலர் சவாய் பால்ரூம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அங்கே அவர்களை ஆட வைத்த ஒரு டிரம்மரின் கதையை இந்த இதழில் படியுங்கள். பெயர் வில்லியம் ஹென்றி வெப். ஆள் குட்டையாக இருந்ததால், கோழிக்குஞ்சு என்ற பொருளில் எல்லோரும் சிக் வெப் என்றே அழைத்தார்கள்.

முதலில் அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். லெனாக்ஸ் அவென்யூவில், 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவே, ஒரு முழு பிளாக் நீளத்துக்கு நின்ற கட்டடம். 1926 மார்ச் 12 அன்று திறந்தார்கள். நடன அரங்கம் மாடியில். பளிங்குப் படி ஏறிப் போனால் இளஞ்சிவப்புச் சுவர்கள், கண்ணாடிகள், மரத்தரை. அந்தத் தரை ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். (நம் கிளப் ஹவுஸ் டைல்ஸுக்கு அந்தக் கவலை இல்லை!) பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு முடித்த கையோடு இன்னொரு குழு ஆரம்பித்துவிடும், இரவு முழுக்க இசை நிற்காது. நுழைவுக் கட்டணம் சாதாரணமாக 30 சென்ட். மாலை ஆறு மணிக்கு மேல் 60, எட்டுக்கு மேல் 85. சீக்கிரம் வந்தால் லாபம்.

வியாழக்கிழமை இரவுக்கு மட்டும் தனிப் பெயர் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் தங்கி வேலை செய்த சமையல்காரர்களுக்கும் பணிப்பெண்களுக்கும் வாரத்தில் அன்றைக்குத்தான் ஓய்வு. அதனால் அதைச் சமையலறை மெக்கானிக்குகளின் இரவு என்று கேலியும் பாசமுமாக அழைத்தார்கள். மற்ற ஆறு நாள் இன்னொருவர் வீட்டுத் தரையைத் துடைத்தவர்கள் இங்கே நல்ல உடுப்பு உடுத்தி வந்து, தங்களுக்காகப் பளபளக்கும் தரையில் ஆடினார்கள். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த காட்டன் கிளப்பில் மேடையில் பாடி ஆடியவர்கள் கறுப்பினத்தவர், ஆனால் பார்வையாளராக உட்கார வெள்ளைக்காரர்களுக்கே அனுமதி. சவாயில் அந்தப் பேதம் இல்லை. இரு நிறத்தவரும் ஒரே தரையில் ஆடினார்கள். அந்தக் கால அமெரிக்காவில் இது சாதாரண விஷயம் அல்ல.

இனி நம் கதாநாயகர். பிறந்தது பால்டிமோரில், 1905 பிப்ரவரி 10 அன்று. சிறு வயதிலேயே முதுகெலும்பைக் காசநோய் தாக்கியது. முதுகு கூனியது, வளர்ச்சி நின்றது. பெரியவரான பிறகும் உயரம் சுமார் நான்கு அடிதான். இறுகிப்போன கைகால் தளர டிரம் அடித்துப் பழகு என்று டாக்டர் சொன்னதாகச் சொல்வார்கள். நமக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்வது போல! பையன் தெருவில் பேப்பர் விற்றுக் காசு சேர்த்து டிரம் வாங்கினான். இருபது வயதை ஒட்டி நியூயார்க் வந்து சேர்ந்தார், சீக்கிரமே சொந்தக் குழு அமைத்தார். சில வருடம் வேலை கிடைப்பதும் போவதுமாகவே இருந்தது. 1930களின் தொடக்கத்தில்தான் சவாயின் நிரந்தரக் குழுவாக நிலைத்தார்.

இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது அவருக்கு. ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார். பெரிய டிரம்மின் பெடல் கால் எட்டும்படி அவருக்கென்று தனியாகச் செய்யப்பட்டது. உயர்ந்த மேடையில் உட்கார்ந்தால் டிரம்களுக்குப் பின்னால் ஆள் பாதி மறைந்துவிடுவார். அங்கிருந்தபடி அடியை மாற்றி மாற்றியே பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை நடத்துவார்.

அவர் இசைக்கு ஆடிய ஆட்டத்தின் பெயர் லிண்டி ஹாப். 1927இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்கின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஜோடி கைகோத்து ஆடும், சட்டென்று விலகித் தனித்தனியாகத் தன் கைவரிசையைக் காட்டும், தாளம் தவறாமல் திரும்பி வந்து சேரும். இப்படி விலகிச் சேர வேண்டுமென்றால் இருவருக்கும் காலம் ஒரே மாதிரி கேட்க வேண்டும். அந்தக் காலப் பிரமாணத்தைக் கொடுப்பது டிரம்மரின் பொறுப்பு. 1935இல் சவாயில் நடந்த ஒரு போட்டியில் ஃபிராங்கி மேனிங் தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனை முதுகின் மேல் உருட்டித் தூக்கி, தலைக்கு மேலாக முன்பக்கம் இறக்கினார். லிண்டி ஹாப்பில் அப்படித் தூக்கி ஆடியது அதுவே முதல் முறை என்று சொல்கிறார்கள். அன்று வாசித்தது சிக் வெப் குழு.

அதே 1935இல்தான் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அவர் குழுவில் சேர்ந்தார். தாயை இழந்து, ஹார்லெம் தெருக்களில் நாளைக் கழித்த 17 வயதுப் பெண். முந்தைய ஆண்டு அப்போலோ தியேட்டரில் புதியவர்களுக்கான போட்டியில் வென்றிருந்தார். மேடைக்கேற்ற தோற்றமும் உடையும் இல்லை என்று முதலில் தயங்கியவர் வெப்தான். யேல் பல்கலைக்கழக நடன நிகழ்ச்சி ஒன்றில் பாட வைத்துப் பார்த்தார், மாணவர்களுக்குப் பிடித்துப்போயிற்று, சேர்த்துக்கொண்டார். அவர் எல்லாவைச் சட்டப்படி தத்தெடுத்தார் என்று நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அது உண்மையல்ல. வேலை கொடுத்தார், வளர்த்தார், அதுவே பெரிது. 1938இல் குழந்தைப் பாட்டு ஒன்றை வைத்து எல்லா பாடிய இசைத்தட்டு நாடு முழுதும் முதலிடத்துக்குப் போனது.

சவாயில் இரண்டு மேடை இருந்ததால் இசைப் போட்டிகளும் நடந்தன. இதில் பெரும்புகழ் பெற்றது 1937 மே 11 இரவு. எதிரில் பென்னி குட்மன், ஸ்விங் இசையின் ராஜா என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டியிருந்த வெள்ளையர். அவருடைய டிரம்மர் ஜீன் க்ருப்பா, சினிமா நட்சத்திரம் போலப் பிரபலம். உள்ளே சுமார் 4,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் அதைவிட அதிகம். வெப்புக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. குட்மன் இசைத்துப் பேர் வாங்கிய பாட்டுகளில் சவாயின் பேரையே தாங்கிய ஒன்றை எழுதியவர், வெப் குழுவில் சாக்ஸபோன் வாசித்த எட்கர் சாம்ப்ஸன். சரக்கு இங்கே பிறந்தது, புகழ் அங்கே போனது. அன்று இரவு குட்மன் குழு வாசித்ததற்கெல்லாம் வெப் குழு அங்கேயே பதில் சொன்னது. கடைசியில் வெப் தனியாக டிரம் வாசித்து முடித்தபோது க்ருப்பா எழுந்து தலை வணங்கினார். தீர்ப்பில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், அதே சவாயில், டியூக் எலிங்டனிடம் வெப் தோற்றிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போதும் ஜெயித்தவர் என்று அவரைக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

1938 நவம்பரிலிருந்து உடம்பு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் இருந்த காலம். தான் நிறுத்தினால் குழுவில் இருப்பவர்களின் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடையாது என்று ஊர் ஊராகப் போய் வாசித்தார். கேட்டவர்களுக்குத் தாளத்தில் ஒரு தளர்ச்சியும் தெரியவில்லை. வாசித்து முடிக்கும்போது துவண்டு போயிருப்பார். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு சிரித்த மாதிரிதான். 1939 ஜூன் 16 அன்று பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 34. சவ அடக்கத்துக்குக் கூட்டம் தெருவை அடைத்தது. எல்லா பாடினார். குழுவைக் கலைக்காமல் 1942 வரை நடத்தியவரும் எல்லாதான்.

சவாய் 1958இல் மூடப்பட்டது. மறு ஆண்டு கட்டடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்தது என்ன தெரியுமா? நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2002 மே மாதம் லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு நினைவுப் பலகை திறந்தார்கள். திறந்து வைத்த இருவரில் ஒருவர் அந்த ஃபிராங்கி மேனிங். ஸ்விங் காலம் முடிந்த பின் தபால் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார்.

வெப் 1937இல் பதிவு செய்த ஹார்லெம் காங்கோ யூடியூபில் கிடைக்கிறது. வீட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, இருவருமாகக் கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கீழ் வீட்டுக்காரர் பாவம்.