ராஜாஜியும் கட்சி வாழ்வும்

குடிகளின் தொழிலிலும் வாழ்விலும் அரசாங்கம் அளவுக்கு மிஞ்சித் தலையிடலாகாது என்னும் கொள்கையுடையோர், பெருங்கட்சி யொன்றில் இருந்துகொண்டே அதனைச் சாதிக்கக்கூடுமா, அன்றித் தனித்து நிற்பதே தக்கதா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாசாரியாரின் சரித்திரம் பெரிதும் உதவுவதாகும்.

1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ல் தொரப்பள்ளியிற் பிறந்த இவர், சேலத்தில் வக்கீலாய் விளங்கிப் பின் காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலைத் துறந்தார். 1930 ஏப்ரல் 13-ல், ஸ்ரீரங்கத்திற் பிறந்தவரான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் திருச்சி இல்லத்தினின்றும் தொண்டர் சுமார் நூற்றுவருடன் வேதாரணியத்திற்குக் கால்நடையாய்ப் புறப்பட்டார். உப்பின்மேல் அரசாங்கம் கொண்டிருந்த தனியுரிமையை மறுப்பதே அந்த யாத்திரையின் நோக்கம்.

1937-ல் இவர் காங்கிரஸின் சார்பில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார், ராஜனும் மந்திரியானார். மறு வருஷமே பல பள்ளிகளில் ஹிந்தி கட்டாய பாடமாயிற்று. அக்கட்டாயத்தை எதிர்த்துத் தமிழர் படை சென்னை நோக்கி நடந்ததும் இதே திருச்சியிலிருந்துதான். ஆயிரத்திற்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அதிகாரத்தை எதிர்த்து நடந்தவரே எட்டு வருஷத்திற்குள் எதிர்க்கப்படும் அதிகாரமானார். 1940-ல் அவ்வுத்தரவு நீங்கியது. அப்பொழுது அவர் பதவியில் இல்லை.

ஆயினும், கட்சியிலிருந்து நற்பயன் விளையவில்லை என்பது பொருந்தாது. 1952-ல் மீண்டும் முதன்மந்திரியானதும், அவ்வருஷம் ஜூனில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பஞ்சம் நேருமென்று பலர் அஞ்சினர். தானியமோ கடைத்தெருவிற்கு வந்தது. பதவி இல்லாதவர் இதனைச் செய்திருத்தல் இயலாது. பின்னர் ஆரம்பக் கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பிடையே 1954-ல் பதவி விலகினார்.

1957-ல் காங்கிரஸை விட்டார். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்கவே, அவ்வருஷமே, எண்பது வயது கடந்தபின், சுதந்திராக் கட்சியை நிறுவினார். லைசென்ஸும் பர்மிட்டும் தொழிலை நெரிப்பதை இடைவிடாது கண்டித்தார். அக்கட்சி லோக்சபையில் 1962-ல் 18 ஸ்தானங்களும், 1967-ல் 44 ஸ்தானங்களும், 1971-ல் எட்டே ஸ்தானங்களும் பெற்றது. 1972 டிசம்பர் 25-ல் அவர் காலமானார்; 1974-ல் கட்சியும் வேறொன்றிற் கலந்தது. லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியை 1991-ல் அகற்றியது காங்கிரஸ் அரசாங்கமே.

ஆகவே சட்டத்தை மாற்றும் வலிமை பெருங்கட்சிக்கே உண்டு. ஆனால் அக்கட்சி கேளாத காலத்தில் கொள்கையை அழியாது காத்தவர்கள் வெளியே நின்றவர்கள். உள்ளே செல்லும் நம் இளைஞர், பதவி கிடைத்த பிறகு, தாம் பிறர்மேற் சுமத்தும் கட்டாயம் யாது என்பதை நாள்தோறும் ஆராய்வார்களாக.