என். ராஜகோபால ஐயங்கார்

என். ராஜகோபால ஐயங்கார் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றிய தமிழக நீதிபதி ஆவார். டிசம்பர் 15, 1899 இல் பிறந்தவர். 1959 ஆம் ஆண்டில் இவர் நடுவண் அரசிடம் அளித்த காப்புரிமைச் சட்டத் திருத்த அறிக்கையே இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 இற்கு அடிப்படையாக அமைந்தது. இந்தியாவில் மருந்துகள் குறைந்த விலையில் உற்பத்தியானமைக்கு இச்சட்டம் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. காப்புரிமை அலுவலகம் எந்தத் தகவல்களைத் திரட்ட வேண்டும், அவற்றை எவரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்பன பற்றியும் இவரது அறிக்கை ஆராய்ந்தது.

வாழ்க்கைக் குறிப்பு

ராஜகோபால ஐயங்கார் சென்னையில் வழக்கறிஞராக இருந்து, 1950களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியானார். உயர் நீதிமன்றக் காலத்திலேயே வணிகக் குறிகள், காப்புரிமை ஆகிய இரு துறைகளின் சட்டங்களையும் ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சூலை 27, 1960 இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டு, டிசம்பர் 14, 1964 இல் ஓய்வு பெற்றார்.

வணிகக் குறிகள் பற்றிய அறிக்கை

வணிகக் குறிகள் தொடர்பான சட்டங்களைத் திருத்துவது குறித்து இவர் 1955 இல் ஓர் அறிக்கை அளித்தார். இதைத் தொடர்ந்து வணிகம் மற்றும் வாணிபக் குறிகள் சட்டம், 1958 இயற்றப்பட்டது. இச்சட்டம் நவம்பர் 25, 1959 இல் நடைமுறைக்கு வந்து, 1999 ஆம் ஆண்டுச் சட்டம் 2003 இல் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை நீடித்தது.

காப்புரிமைச் சட்ட அறிக்கை

பின்னணி

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதனைப் பயன்படுத்தும் தனியுரிமையை அரசு அவருக்கு வழங்கும். இதுவே காப்புரிமையின் அடிப்படை. இந்தியாவில் இதற்கான முதற் சட்டம் 1856 இல் இயற்றப்பட்டது. பிரித்தானிய அரசியின் முன் ஒப்புதல் பெறப்படாததால் அது 1857 இல் நீக்கப்பட்டு, 1859 இல் வேறு சட்டம் வந்தது. 1911 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைகள் மற்றும் வடிவமைப்புகள் சட்டம் காப்புரிமை நிருவாகத்தைக் கட்டுப்பாட்டாளர் ஒருவரின் கீழ்க் கொண்டுவந்தது.

விடுதலைக்குப் பின்னர், இச்சட்டம் நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு உதவுகிறதா என்பதை ஆராய 1948 இல் பக்சி தேக் சந்து தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1950 இல் இறுதி அறிக்கை தந்தது. அதன்படி கட்டாய உரிமம் தொடர்பான திருத்தங்கள் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்டன. 1953 இல் கொண்டுவரப்பட்ட முழுமையான சட்ட முன்வரைவு நிறைவேறாமல் காலாவதியானது. இந்நிலையில் 1957 இல் ராஜகோபால ஐயங்காரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 1959 இல் அவர் தமது அறிக்கையை அளித்தார்.

கண்டறிந்தவை

இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருப்பதையும், அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இந்தியாவில் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படாமல் இருப்பதையும் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதாவது, காப்புரிமை இந்நாட்டில் தொழில் தொடங்குவதற்காக அன்றி, பிறர் தொடங்காமல் தடுத்து இறக்குமதிச் சந்தையைக் காப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. இதன் சுமை உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகிய துறைகளில் மிகுதியாக இருந்தது.

எனினும் காப்புரிமை முறையையே ஒழித்துவிட வேண்டும் என அவர் கூறவில்லை. அம்முறையை வைத்துக்கொண்டே, அதன் தீமைகளைக் குறைக்கும் வகையில் சட்டத்தை அமைக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. பல நாடுகளின் சட்டங்களை அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். குறிப்பாக, செருமனி தனது 1877 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேதிப்பொருள்களுக்குக் காப்புரிமை வழங்காமல், அவற்றைச் செய்யும் முறைக்கு மட்டுமே வழங்கியதையும், அந்நாட்டின் வேதித் தொழில் வளர்ந்ததையும் கருத்திற் கொண்டார்.

பரிந்துரைகள்

உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை வழங்கக் கூடாது, செய்முறைக்கு மட்டுமே வழங்கலாம் என்பது அறிக்கையின் முதன்மைப் பரிந்துரை ஆகும். ஒரு மருந்துக்கே காப்புரிமை இருந்தால், எந்த வழியிலும் பிறர் அதனைத் தயாரிக்க இயலாது. செய்முறைக்கு மட்டும் காப்புரிமை இருந்தால், வேறொரு வழியில் அதே மருந்தைத் தயாரிப்பவர் சட்டத்தை மீறியவர் ஆகார். இந்த வேறுபாடே பின்னாளில் இந்திய மருந்துத் தொழிலின் போக்கை மாற்றியது. கட்டாய உரிம விதிகளை வலுப்படுத்தவும் அறிக்கை பரிந்துரைத்தது.

தகவல் பற்றிய பரிந்துரை

ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்பதை முடிவு செய்ய, அதற்கு முன் உலகில் எங்கெங்கு என்னென்ன வெளியாகியுள்ளன என்பதைக் காப்புரிமை ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும். வளர்ந்த நாடுகளின் அலுவலகங்களில் பல இலட்சம் விவரக்குறிப்புகள் வகைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன. இந்திய அலுவலகத்தின் வசதிகள் அவற்றுடன் ஒப்பிடத்தக்கனவாக இல்லை. இதனால் பிற நாடுகளில் மறுக்கப்பட்ட ஒன்று இந்தியாவில் காப்புரிமை பெற்றுவிடும் வாய்ப்பு இருந்தது.

இதற்கு அறிக்கை எளிய வழி ஒன்றைக் காட்டியது. விண்ணப்பதாரர் அதே கண்டுபிடிப்புக்கு வேறு எந்த நாடுகளில் விண்ணப்பித்துள்ளார், அங்கு எழுந்த ஆட்சேபணைகள் யாவை, விவரக்குறிப்பில் செய்யப்பட்ட திருத்தங்கள் யாவை ஆகியவற்றை அவரே தெரிவிக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. பிற நாட்டு அலுவலகங்கள் செய்த தேடலின் பயனை இந்திய ஆய்வாளர் செலவின்றிப் பெறுவதே இதன் நோக்கம். இது 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவாக அமைந்தது.

காப்புரிமைச் சட்டம், 1970

அறிக்கையின் அடிப்படையில் 1965 இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வரைவு, அவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 1967 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 1970 இல் நிறைவேறியது. ஏப்ரல் 20, 1972 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை.
- உணவு, மருந்துச் செய்முறைகளுக்கான காப்புரிமைக் காலம், முத்திரையிட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகள் அல்லது காப்புரிமை நாளிலிருந்து 7 ஆண்டுகள், இவற்றுள் எது குறைவோ அது. பிறவற்றுக்கு 14 ஆண்டுகள்.
- இத்துறைக் காப்புரிமைகளின் கீழ், மூன்று ஆண்டுகளுக்குப் பின் எவரும் உரிமம் கோரலாம். அதற்கான உரிமத்தொகை 4 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது.
- காப்புரிமை இந்தியாவில் எந்த அளவு பயன்படுத்தப்படுகிறது என்ற தகவலை உரிமையாளர் அளிக்க வேண்டும் (146 ஆம் பிரிவு).

உச்ச நீதிமன்றத்தில்

இவர் எழுதிய தீர்ப்புகளுள் கரக் சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் (1962) பெரிதும் அறியப்பட்டது. காவல்துறையினர் இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பதற்கு இடமளித்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆயினும், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை அன்று என்று இவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நீதிபதி சுப்பா ராவ் இதனின்று மாறுபட்டார். 2017 இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனக் கூறி, கரக் சிங் தீர்ப்பின் அப்பகுதியை நீக்கியது.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் 1964 இல், துர்கா தத் சர்மா எதிர் நவரத்னா மருந்து ஆய்வகங்கள் வழக்கில் இவர் தீர்ப்பு எழுதினார். பதிவு செய்த வணிகக் குறியை மீறுதலுக்கும், தன் பொருளைப் பிறர் பொருளாகக் காட்டி விற்றலுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும் இத்தீர்ப்பு, வணிகக் குறி வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஓய்வுக்குப் பின்

சம்மு காசுமீரின் முன்னாள் பிரதமர் பக்சி குலாம் முகமது மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க 1965 இல் அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு இவர் தலைமை ஏற்றார். ஆணையம் 1967 இல் அறிக்கை அளித்தது. 1968 முதல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராக இருந்தார். முதல் தலைவரான நீதிபதி முதோல்கருக்கு அடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் இவர். நெருக்கடி நிலைக் காலத்தில், சனவரி 1, 1976 இல், மன்றம் கலைக்கப்படும் வரை இவர் அப்பதவியில் நீடித்தார்.

தகவல் சேவைகளின் பிற்கால வளர்ச்சி

அறிக்கை சுட்டிய தகவல் குறை உடனடியாகத் தீரவில்லை. 1980 இல் நாக்பூரில் காப்புரிமைத் தகவல் முறைமை என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டு, பல நாடுகளின் விவரக்குறிப்புகள் திரட்டப்பட்டன. ஆயினும் பொதுமக்களுக்கு அவற்றை அணுகுதல் எளிதாக இருக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரத்தை அடுத்த விருத்தாச்சலத்தில் பீங்கான் பொருள்கள் செய்யும் சிறு பட்டறைகள் பல உள்ளன. அத்தகைய பட்டறையினர் ஒருவர், தாம் கண்ட புதிய மெருகுப் பூச்சு ஏற்கெனவே காப்புரிமை பெற்றதா என அறிய விரும்பினால், சென்னையிலுள்ள கிளை அலுவலகத்துக்குச் செல்வதோ, நாக்பூருக்குக் கட்டணம் செலுத்தித் தேடச் சொல்வதோதான் வழியாக இருந்தது. காப்புரிமையின் பேரத்தில் பொதுமக்களுக்கு உரிய பங்கு வெளிப்படுத்தப்பட்ட அறிவே ஆகும். அது எட்டாத இடத்தில் இருக்கும்போது அப்பேரம் ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது.

1995 இல் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் மாற்றங்கள் விரைந்தன. இந்தியா 1998 இல் பாரிசு உடன்படிக்கையிலும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையிலும் இணைந்தது. விண்ணப்பங்களை 18 மாதங்களில் வெளியிடும் முறை 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்தது. 2005 முதல் காப்புரிமை இதழ் வாரந்தோறும் மின்வடிவில் வெளியாகிறது. 2007 இல் இணையவழி விண்ணப்பம் தொடங்கியது. 2013 இல் இந்திய அலுவலகம் பன்னாட்டுத் தேடல் அமைப்பாகச் செயற்படத் தொடங்கியது. 2015 இல் விவரக்குறிப்புகளை எவரும் கட்டணமின்றித் தேடும் மேம்பட்ட தேடுதளம் திறக்கப்பட்டது.

இதே சிக்கலின் மறுபக்கமும் வெளிப்பட்டது. மஞ்சளின் புண்ணாற்றும் பயனுக்கு 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்ததால் 1997 இல் அது நீக்கப்பட்டது. இம்முறை அறியாமல் இருந்தது வெளிநாட்டு அலுவலகம். இதன் விளைவாகத் தொடங்கப்பட்ட மரபு அறிவு மின்னூலகத்தில் ஆயுர்வேத, யுனானி நூல்களுடன் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் பன்னாட்டு மொழிகளில் பெயர்த்துச் சேர்க்கப்பட்டன. 2009 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இதனைப் பயன்படுத்த உடன்பாடு கண்டது.

பயன்பாட்டுத் தகவல் விதியின் வலிமை 2012 இல் தெரிந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையுள்ள புற்றுநோய் மருந்தொன்றை 8,880 ரூபாய்க்குத் தயாரிக்க, இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தைக் கட்டுப்பாட்டாளர் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கினார். மருந்து எத்தனை நோயாளிகளைச் சென்றடைந்தது என்பதைக் கணிக்க, காப்புரிமை பெற்ற பேயர் நிறுவனமே தாக்கல் செய்திருந்த பயன்பாட்டு விவரங்கள் உதவின.

விமர்சனங்கள்

பொருள் காப்புரிமை இல்லாமையால் புதிய மருந்துகளைக் கண்டறியும் ஆய்வில் இந்திய நிறுவனங்கள் பின்தங்கின என்பது 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான முதன்மை விமர்சனம். உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு ஏற்ப, சனவரி 1, 2005 முதல் மருந்துகளுக்கும் பொருள் காப்புரிமை மீண்டும் வழங்கப்படுகிறது. 8 ஆம் பிரிவைப் பற்றியும் குறை கூறப்பட்டது. ஆய்வாளருக்கு உதவ வந்த விதி, 2009 ஆம் ஆண்டின் கெம்டுரா வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், சிறு விடுபாடுகளைக் காட்டிக் காப்புரிமையைத் தாக்கும் கருவியாகிவிட்டது என விண்ணப்பதாரர் தரப்பினர் கருதினர்.

2024 ஆம் ஆண்டின் திருத்த விதிகள் இதனைத் தளர்த்தின. வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய தகவலுக்கு, கட்டுப்பாட்டாளர் தமக்கு எட்டும் தரவுத்தளங்களைக் கருத்திற் கொள்ள வேண்டும் என அவை கூறுகின்றன. 1959 இல் விண்ணப்பதாரரைக் கேட்டே அறிய வேண்டியிருந்ததை, 65 ஆண்டுகளுக்குப் பின் அலுவலகம் தானே தேடி அறியும் நிலை வந்துள்ளது. பயன்பாட்டு அறிக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. இது பொதுமக்களுக்குக் கிடைக்கும் தகவலைக் குறைக்கிறது என்ற எதிர்ப்பும் உள்ளது.

மதிப்பீடு

ஏப்ரல் 1, 2013 இல் நோவார்ட்டிசு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றை விளக்குகையில் ராஜகோபால ஐயங்காரின் அறிக்கையை விரிவாக எடுத்தாண்டது. அவர் பரிந்துரைத்த பொருள் காப்புரிமைத் தடை இன்று சட்டத்தில் இல்லை. எனினும் வெளிநாட்டு விண்ணப்பத் தகவல், கட்டாய உரிமம் ஆகியன பற்றிய விதிகள் மாறிய வடிவில் தொடர்கின்றன.