முயலுக்குச் சட்டை அணிவித்த மங்கை

நீலச் சட்டை அணிந்த முயல்! துணி தேய்க்கும் முள்ளெலி! சால்வை போர்த்திய வாத்து! இப்படங்களைச் சிறு வயதில் கண்டு மகிழாதவர் நம்மில் எத்தனை பேர்? இவற்றைத் தீட்டியவரே பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

இவர் 1866-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஆனால், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஆசிரியைகள் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். தோழியர் இல்லாத அச்சிறுமிக்கு முயலும், எலியும், தவளையும், முள்ளெலியுமே தோழர்கள். தம்பி பெர்ட்ரமுடன் அமர்ந்து அவற்றை இடைவிடாது வரைந்தார். இறந்த பிராணிகளின் எலும்புகளைக்கூட ஆராய்ந்தார். ஏறக்குறைய நம் வயதில், பிறர் படிக்க இயலாத இரகசிய எழுத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1958-இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அதன் மர்மத்தை அவிழ்த்தார்!

காளான்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, 1897-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண் என்பதால் அக்கூட்டத்தில் அமர அவருக்கே அனுமதியில்லை! நூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல், தான் அவரை நடத்திய விதம் தவறென அச்சங்கம் ஒப்புக்கொண்டது.

அறிவியலின் கதவு அடைபட்டது. ஆனால் அவர் தூரிகையைக் கீழே வைத்தாரில்லை. 1893-இல், தம் முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் நோயுற்றிருந்தபோது, அவனை மகிழ்விக்க ஒரு குறும்பு முயலின் கதையைப் படங்களுடன் கடிதமாக எழுதியிருந்தார். பின்னர் அதை விரித்து நூலாக்கினார். பதிப்பகத்தார் பலர் மறுத்தனர். சளைக்காமல் 1901-இல் தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-இல் வார்ன் பதிப்பகம் அதை வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. பிஞ்சுக் கைகளுக்கு ஏற்ற சிறிய நூல். விலை ஒரு ஷில்லிங்.

இப்படங்களின் சிறப்பு யாது? சட்டை மனிதருடையது, உடலோ மெய்யான முயலுடையது. தோட்டக்காரருக்குப் பயந்து ஓடும் பீட்டர், செருப்பும் சட்டையும் போனதும் நான்கு கால்களில் பாயும் வெறும் முயலாகிவிடுகிறான். எலும்பு வரை அறிந்தவர் கையல்லவா அது!

1905-இல் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட நார்மன் வார்ன் ஒரே மாதத்தில் காலமானார். துயரை நெஞ்சில் தாங்கி, அவ்வாண்டே ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். 1913-இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிசை மணந்து, ஹெர்ட்விக் இன ஆடுகளை வளர்த்தார். 1943 டிசம்பர் 22-இல் இறையடி சேர்ந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நாட்டு மக்களுக்காக நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார்.

தோழியரே! நமக்குப் பள்ளி உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, தட்டிக்கொடுக்கும் அருட்சகோதரிகள் உண்டு. ஆயினும், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்த படத்தை யாரும் பார்த்துவிடுவரோ என்று கையால் மறைக்கிறோமே! இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனாக நாம் இருக்கலாமா? கையை எடுப்போம், படத்தைக் காட்டுவோம்!