டீசல் தந்த மேதை ருடோல்ப் டீசல்



லோரி மேடேறி வரும் சத்தம் நமக்குப் புதிதல்ல. ரப்பர் பாலையும் செம்பனைக் குலைகளையும் சுமந்துகொண்டு, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் செம்மண் பாதையில் அது ஓடுகிறது. அதற்கு ஊற்றும் எண்ணெயை டீசல் என்கிறோம். அது முதலில் ஓர் எண்ணெயின் பெயரல்ல, ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். லோரி ஓட்டுகிறார் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அவனுக்காகத்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ருடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தையார் தோல் சாமான்கள் செய்து பிழைத்தவர். செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடோல்பின் வேலை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிசில் இருக்க முடியாமல் போயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் கஷ்டந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊரிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை அழுதுகொண்டே காலத்தைக் கழிக்கவில்லை. படித்தான். பதினான்கு வயதில், பொறியாளராகப் போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்!

பெற்றோருக்கோ, பையன் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம். ஏழை வீட்டில் அது இயற்கைதானே? ஆனால் 1875இல் மூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க உதவிச் சம்பளம் கிடைத்தது. டீசல் அதை விடவில்லை. 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார்.

அக்கல்லூரியில் லிண்டே என்ற பேராசிரியர், நீராவி இயந்திரம் நெருப்பிலிருந்து பெறும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று பாடம் நடத்தினார். மீதியெல்லாம் வீண்! இந்தச் செய்தி டீசலின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. வீணாகும் வெப்பத்தை மிச்சப்படுத்த ஒரு வழி காண வேண்டும் என்று உறுதி கொண்டார்.

மாணவர்களே, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். முற்காலத்தில் இந்த மலாய்த் தீபகற்பத்து மக்களும் இதை அறிந்திருந்தார்கள். சிறு குழாய்க்குள் தண்டைச் சட்டென்று தள்ளி, பஞ்சில் தீ மூட்டுவார்கள். டீசல் இயந்திரத்தின் தத்துவமும் இதேதான். உருளைக்குள் காற்றை மட்டும் பலமாக அமுக்க வேண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டியதில்லை.

1892இல் டீசல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மறு ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை சோதனைக்கு இடம் கொடுத்தது. 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. எண்ணெய் பற்றிய வேகத்தில் அளவு பார்க்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் உயிர் தப்பியதே பெரிய காரியம். அதற்குப் பிறகும் விடவில்லை. 1894 பிப்ரவரி 17ஆம் நாள், பட்டை வாரால் சுற்றிக்கொண்டிருந்த இயந்திரம் தானாகவே இழுக்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடந்தான்! அதை முதலில் கண்டுகொண்டவர் டீசல் அல்ல, பக்கத்தில் நின்ற ஒரு பிட்டர். அவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்தினார் என்று சொல்கிறார்கள்.

1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அந்த இயந்திரத்தை முறைப்படி சோதித்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. உலகமே வியந்தது. பல நாடுகள் போட்டி போட்டு உரிமம் வாங்கின. டீசல் பெரும் பணக்காரர் ஆனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் சோதனைக்கூடத்தில் ஓடுவது வேறு, வாங்கியவர் வீட்டில் நாள்தோறும் ஓடுவது வேறு. 1898இல் கெம்ப்டன் ஊர்த் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வைத்த இயந்திரம் அடிக்கடி பழுதாகி நின்றது. மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள். பழுக்குமுன்னே பறித்த காய் போல ஆயிற்று. டீசல் மனம் உடைந்து நோயில் விழுந்தார். அப்போது லவுஸ்டர் என்ற பொறியாளரும் ஆக்ஸ்பர்க் பட்டறைத் தொழிலாளர்களும் ஒவ்வொரு குறையாகத் தேடித் திருத்தினார்கள். மூளை டீசலுடையது. அந்த இயந்திரத்தை நம்பிக்கைக்குரியதாக ஆக்கியவை இந்தக் கைகள். இதை நாம் மறக்கவே கூடாது.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. இன்று நம் நாட்டில் செம்பனை எண்ணெய் கலந்த டீசல் விற்கிறதே, அந்த எண்ணம் அத்தனை பழையது! தொழிலாளர்கள் ஒன்றுகூடித் தாங்களே தொழிற்சாலைகளை நடத்த வேண்டும் என்று டீசல் 1903இல் ஒரு நூலும் எழுதினார். அதை வாங்கிப் படித்தவர்கள் மிகச் சிலரே.

பணத்தைக் காக்க அவருக்குத் தெரியவில்லை. தவறான முதலீடுகளில் இழந்து கடனில் மூழ்கினார். 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் கடலில் ஓர் உடலைக் கண்டெடுத்தார்கள். அதில் இருந்த பொருள்களைத் தந்தையுடையவை என்று அவர் மகன் அடையாளம் காட்டினார். அப்போது டீசலுக்கு வயது 55.

அவர் காலத்து இயந்திரம் ஆளைவிட உயரம். லோரியில் ஏற்ற முடியாத பாரம். 1923, 1924ஆம் ஆண்டுகளில்தான் ஜெர்மனியில் டீசல் லோரிகள் வந்தன. 1927இல் போஷ் நிறுவனம் எண்ணெயை அளந்து பீய்ச்சும் பம்பைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியது. வீணாகும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றி, அதனால் கூடுதல் காற்றை உருளைக்குள் தள்ளும் வழியைச் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905லேயே கண்டார். அதுதான் டர்போ. 1938இல் அது லோரிக்கும் வந்தது. வீணாவதை வேலையாக்குவது என்ற டீசலின் கனவு அதில் தொடர்கிறது. இன்றைய லோரி இஞ்சின் எண்ணெயின் வெப்பத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேலையாக மாற்றுகிறது.

இந்த இஞ்சின் நீண்ட நாள் உழைப்பது ஏன்? கடும் அழுத்தத்தைத் தாங்கத் தடித்த இரும்பில் செய்கிறார்கள். தீப்பொறி கொடுக்கும் சாமான்கள் இல்லாததால், அவற்றால் வரும் கோளாறும் இல்லை. ஆனால் தூசி நிறைந்த காற்றும் அழுக்கு எண்ணெயும் அதற்கு எமன். மேடேறி வந்த டர்போ லோரியை உடனே அணைக்கக் கூடாது. சற்று நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். அனலாயிருக்கும் அந்தச் சிறு சக்கரம் எண்ணெய் ஓட்டத்தில் ஆறட்டும் என்றுதான். அனுபவமுள்ள டிரைவர் சொல்லாமலே இதைச் செய்வார். ஆக, டீசல் தொடங்கிய வேலையைத் தினமும் காப்பாற்றுகிறவர் அவர்தான்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களே, ஒரு நிமிடம் ஓடிய இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். லோரிக்கார அப்பாவின் பிள்ளைகளே, இனி அப்பாவின் வேலை என்னவென்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அன்று ஒரு பிட்டர் தொப்பியைக் கழற்றினார். நாம் இன்று அந்த பிட்டருக்கும் சேர்த்து வணக்கம் சொல்வோம்.