ரேலி பிரபுவும் தண்ணீர்த் துளியும்

குரோய்டனில் உங்கள் வீட்டுக் குசினியில் குழாயை மெல்லத் திறந்து பாருங்கோ. தண்ணீர் மேலே ஒரு நூல் போல வரும். கீழே போகப் போக அந்த நூல் அறுந்து துளித்துளியாக விழும். ஏன் தெரியுமா? இதற்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர்தான் ரேலி பிரபு.

அவருடைய பெயர் ஜோன் வில்லியம் ஸ்ட்ரட். 1842ஆம் ஆண்டு எசெக்ஸில் பிறந்தார். குரோய்டனிலிருந்து தேம்ஸ் நதியைக் கடந்து வடகிழக்கே போனால் எசெக்ஸ் வரும். சின்ன வயதில் அவருக்கு அடிக்கடி வருத்தம் வரும். ஈட்டன், ஹரோ என்ற பெரிய பள்ளிக்கூடங்களில் சேர்ந்தார். இரண்டிலும் நெடுநாள் படிக்க முடியவில்லை. ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. 1865இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதச் சோதனையில் முதலாவதாக வந்தார்!

அப்பா இறந்த பிறகு, 1873இல் அவர் பிரபு ஆனார். பெரிய வீடு, நிறையக் காணி. சும்மா இருந்திருக்கலாம், இல்லையா? அவரோ டேர்லிங் என்ற ஊரில் இருந்த தன் வீட்டிலேயே ஆய்வுகூடம் அமைத்தார்.

அவருக்கு முன்பே பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ என்ற அறிஞர் பாயும் தண்ணீரை ஆராய்ந்தார். பிளாட்டோவுக்குக் கண் பார்வை போய்விட்டது. மற்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அவர் யோசித்து எழுதினார். அவர் விட்ட இடத்திலிருந்து ரேலி தொடர்ந்தார்.

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. எப்போதும் சுருங்கப் பார்க்கும். இதைப் பரப்பிழுவிசை என்று சொல்வோம். தண்ணீர் நூலில் ஓரிடம் கொஞ்சம் ஒடுங்கினால், அந்தத் தோல் அங்கே கூடுதலாக நெரிக்கும். அங்குள்ள தண்ணீர் பக்கத்தில் தடித்த இடங்களுக்குப் போகும். ஒடுங்கிய இடம் இன்னும் ஒடுங்கி, கடைசியில் அறுந்துவிடும். தடித்த இடம் துளியாகும். நூலின் அகலத்தைப் போல ஏறக்குறைய 4.5 மடங்கு தூரத்துக்கு ஒரு துளி வரும் என்று ரேலி கண்டுபிடித்தார்.

துளிகள் வேகமாக ஓடும். கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் அவர் மின்பொறியின் வெளிச்சத்தில் பார்த்தார். பொறி ஒரு கணம்தான் பளிச்சிடும். அந்தக் கணத்தில் துளிகள் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும்.

ஸ்ப்ரே போத்தலில் தண்ணீர் மிக வேகமாக வரும். அப்போது சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து அதைக் கிழித்துப் பொடித் துளிகளாக்கும். ரேலிக்குப் பின் வந்தவர்கள் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

காற்றையும் ரேலி சும்மா விடவில்லை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேறு பொருளிலிருந்து செய்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் பாரமாக இருந்தது. இருநூறில் ஒரு பங்குதான் வித்தியாசம்! சின்னப் பிழை என்று அவர் விட்டுவிடவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் தேடி, 1894இல் ஆர்கன் என்ற புதிய வாயுவைக் கண்டுபிடித்தார்கள். 1904இல் ரேலிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

1919இல் ரேலி இறந்தார். அவருடைய கணக்கு இன்னும் வேலை செய்கிறது. கடையில் வாங்கும் போத்தல்களில் புள்ளி புள்ளியாகத் திகதி அடித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை அடிக்கும் பல இயந்திரங்களில், மை நூல் போல வந்து துளிகளாக அறுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளி.