இலையறிந்த துவெயிற்ஸ்

ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவெயிற்ஸ் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தவர். இளமையிற் கணக்காளராயிருந்து, ஓய்வு நேரங்களிற் செடிகொடிகளை ஆராய்ந்தே புலமை பெற்றவர். 1849இல் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, 1857இல் அதன் பணிப்பாளராகி, 1880 வரை அங்கே கடமையாற்றினார். இலங்கைத் தாவரங்களைத் தொகுத்து இலத்தீன் மொழியில் அவர் இயற்றிய நூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அறிஞருலகம் அதனை நன்கறியும். வண்ணத்துப்பூச்சிகளின் பொருட்டு அவர் பட்ட பாட்டையோ நம்மவருட் பலர் அறியார்.

புழு வளர்ப்பார் முதற்கண் இலையை அறிதல் வேண்டும். எங்கள் வன்னி முற்றத்து எலுமிச்சையை நோக்குக. அதன் தளிரில் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுச் செல்லும். பிறக்கும் புழு முதலிற் பறவையின் எச்சம் போலக் கிடந்து, பின்னர்ப் பச்சை நிறம் பூணும்; தீண்டினால் தலைக்குப் பின்னே செங்கொம்பு நீட்டி நாற்றம் வீசும். அதற்கு எருக்கிலை கொடுத்தால் தின்னாது மடியும்; எருக்கிலே பிறந்த புழுவோ எலுமிச்சையை ஏறெடுத்தும் பாராது. போத்தலிற் புழுவை அடைத்துக் கண்ட தழையையும் இட்டு, மறுநாள் வாடிய முகத்தோடு வந்து நிற்கும் மாணாக்கரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஆதலின், மரஞ்செடிகளைக் கற்ற ஒருவர் இப்பணியைத் தொட்டது மிகப் பொருத்தமே.

ஊசியிற் குத்திய வண்ணத்துப்பூச்சி நெடுங்காலம் நிறங்காட்டும். புழுவோ இறந்தவுடன் நிறங்குன்றிச் சுருங்கும். அதனை உயிரோடு வைத்து, தோலுரிக்குந்தோறும் மாறும் கோலத்தை அவ்வப்போதே வரைதல் வேண்டும். துவெயிற்ஸின் மேற்பார்வையில் அவ்வாறு வரைந்தவர்கள் வில்லியம் த அல்விஸ், ஜோர்ஜ் த அல்விஸ் என்னும் சிங்களச் சகோதரர். புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி ஆகியவற்றோடு அது தின்னும் இலையையும் தீட்டினர்.

1869இல் கோப்பி இலையிற் செம்மஞ்சட் பொடியாகப் படர்ந்த நோயைக் கண்டு, அவ்விலைகளை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் துவெயிற்ஸே. அப்பூஞ்சணம் இருபதாண்டுக்குட் கோப்பிச் செய்கையை வீழ்த்தியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியிலே பலர் மாண்டுபோன தமிழ்த் தொழிலாளர் பேணிய பயிர் அது!

அல்விஸ் சகோதரரின் ஓவியங்கள் இலண்டனிலிருந்த பிரடெரிக் மூரின் கையை அடைந்தன. அவற்றைத் தாங்கிய பெருநூல் இலங்கை அரசின் ஆதரவுடன் 1880 முதல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நூலாசிரியர் பெயர் மூருடையது. இனம் வகுத்து எழுதியவர் அவராதலின் அது முறையே. எனினும், அந்நூலின் உயிர் அதன் படங்களிலேயே உள்ளதென்பேன். அவற்றை வரைந்த இருவரின் பெயரை நம் பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர் எடுத்துரைக்கின்றனர்?

துவெயிற்ஸ் 1882இற் கண்டியிற் காலமானார். மூன்றாந் தொகுதி 1887இலேயே நிறைவெய்திற்று.